விசுவாசம் எத்தனை கிலோ?

நாமக்கல்லில் ஒரு முட்டை லாரியின் டாஷ்போர்டைப் பார்த்தேன். ஆஞ்சநேயர். பக்கத்தில் வேளாங்கண்ணி மாதா. இரண்டு பேருக்கும் நடுவில் பச்சை எழுத்தில் 786.

"எதுக்குப்பா மூணு பேரு?"

"லோடு முட்டைங்க சார்!" என்றார் டிரைவர்.

அந்த இரண்டு வார்த்தையில் இருந்த தெய்வபயத்தை நான் எந்தக் கதாகாலட்சேபத்திலும் கேட்டதில்லை. சிமெண்ட் லோடாக இருந்தால் ஒருத்தர் போதும் போலிருக்கிறது.

கேட்பது மனுஷ சுபாவம். யாரிடம் கேட்கிறோம் என்பதை விட எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் சுவாரசியம். எங்கள் வீட்டுப் பக்கமெல்லாம் கான்ட்ராக்ட் சிஸ்டம். "பையனுக்கு வேலை கிடைச்சா மொட்டை போடறேன், பொண்ணுக்கு வரன் அமைஞ்சா பொங்க வெக்கிறேன்." அட்வான்ஸ் கிடையாது, வேலை முடிந்ததும் பில் செட்டில்மெண்ட். கடவுளும் இத்தனை வருஷமாக அனுசரித்துக்கொண்டுதான் போகிறார்.

கிறிஸ்தவ வீடுகளில் வேறு தினுசு. சேலம் அரிசிப்பாளையத்தில், குழந்தை இயேசு பேராலயத்துக்குப் பக்கத்துத் தெருவில் சில வருஷம் குடியிருந்தேன். நான் திருநீறு பூசுகிற ஆசாமி. ஆனாலும் தெருவில் நடந்த அத்தனை ஜெபக் கூட்டத்திலும் எனக்கு ஒரு நாற்காலி உண்டு, சுண்டலும் உண்டு. அங்கே கற்றுக்கொண்ட முதல் பாடம்: கத்தோலிக்கர்கள் 'செபம்' என்று எழுதுவார்கள், புராட்டஸ்டண்ட்காரர்கள் 'ஜெபம்' என்று எழுதுவார்கள். இரண்டுக்கும் மூலம் நம்ம 'ஜபம்'தான். போய்ச் சேருகிற இடமும் ஒன்று. ஸ்பெல்லிங் மட்டும் இரண்டு.

இரண்டாவது பாடம்: ஜெபத்தில் சிலர் ஆண்டவருக்குச் செய்தி வாசிப்பார்கள். "ஆண்டவரே, மூணாவது வீட்டுல நேத்து ராத்திரி பதினோரு மணிக்கு நடந்தது உமக்குத் தெரியும். அந்தச் சகோதரன் மறுபடியும் குடிச்சுட்டு வந்ததும் உமக்குத் தெரியும்." ஆண்டவருக்குத் தெரியும், சரி. எங்கள் யாருக்கும் அதுவரை தெரியாது. கண்ணை மூடிக்கொண்டிருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ஒற்றைக் கண்ணைத் திறந்ததை, ஏற்கெனவே ஒற்றைக் கண்ணைத் திறந்து வைத்திருந்த நான் பார்த்தேன்.

இன்னொரு பெரியவர் சாப்பாட்டு ஜெபத்தில் ஸ்பெஷலிஸ்ட். ஆதாமில் ஆரம்பித்து மெதுவாக நடந்து வருவார். அவர் ஆப்ரகாமைத் தாண்டும்போது பிரியாணி ஆறும். மோசே வருவதற்குள் நெய் உறையும். அவர் வீட்டம்மா மெதுவாகக் கரண்டியைத் தட்டில் தட்டுவார். உடனே செங்கடல் கடந்து, நேராக 'ஆமென்'.

கிண்டல் செய்யலாம்தான். ஆனால் அதே தெருவில்தான் அந்த டீச்சரும் இருந்தார்.

மிஷன் ஸ்கூலில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். தனிக்கட்டை. கூட்டத்தில் வாயே திறக்க மாட்டார். காலையில் நாலரை மணிக்கு அவர் வீட்டு முன்னறையில் லைட் எரியும். என்ன செய்கிறார் என்று எனக்கு ரொம்ப நாள் புதிராக இருந்தது. ஒருநாள் கேட்டே விட்டேன். நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் காட்டினார். இடது பக்கம் பேர்கள். நடுவில் விஷயம்: கண் ஆபரேஷன், பிளஸ் டூ கணக்குப் பரீட்சை, குழந்தை இல்லை, வீட்டுக்காரர் குடி. கடைசியில் தேதி. நடந்து முடிந்ததற்குப் பக்கத்தில் டீச்சர்களுக்கே உரிய சிவப்பு மையில் ஒரு டிக்.

புரட்டிப் பார்த்தேன். நாலாவது வரியில் என் பேர், என் சர்க்கரை வியாதி. டிக் இல்லை.

"டிக் போடாததை என்ன பண்ணுவீங்க டீச்சர்?"

"அடுத்த நோட்டுல மாத்தி எழுதிக்குவேன் சார்."

இவ்வளவுதான் சொன்னார். மேலே விளக்கம் எதுவும் இல்லை. காபி கொண்டு வந்தார், சர்க்கரை இல்லாமல்.

* * *

இதை எழுதக் காரணம் ஒரு மனிதர். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறையில் வெல்டர். மனைவிக்குப் புற்றுநோய். எட்டு மாதம் ஆஸ்பத்திரி, எட்டு மாதம் ஜெபம். ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டு வந்து, கையில் வெல்டிங் சுட்ட தழும்போடு முழங்கால் போடுவார். அந்தம்மா போய்விட்டார். சின்ன வயசு. இரண்டு பெண் குழந்தைகள்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், துக்கம் விசாரிக்க வந்த ஒருத்தர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்: "நீங்க இன்னும் கொஞ்சம் விசுவாசத்தோட ஜெபிச்சிருக்கணும் தம்பி."

எனக்கு வந்த கோபத்தை இந்தப் பத்திரிகையில் அச்சடிக்க முடியாது. ரேஷன் கடைத் தராசு மாதிரி விசுவாசத்தை நிறுத்து, "இருநூறு கிராம் குறையுதுங்க, அதான் உங்க சம்சாரம் செத்துட்டாங்க" என்று சொல்ல ஒரு மனுஷனுக்கு எப்படி வாய் வருகிறது?

அவர்கள் வேதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். விசுவாசத்துக்கு இயேசு சொன்ன அளவு கடுகு. சேலம் லீபஜாரில் மூட்டை மூட்டையாகக் கடுகு கிடைக்கும். அவர் கேட்டது மூட்டை அல்ல, ஒரு விதை. மாற்கு ஒன்பதாம் அதிகாரத்தில் ஒரு அப்பா வருகிறார். பையனுக்கு வலிப்பு. நம்புகிறேன் என்கிறார், அதே மூச்சில், என் நம்பிக்கை போதவில்லை, அதற்கும் நீரே உதவி செய்யும் என்று அழுகிறார். பாதி நம்பிக்கை, பாதி சந்தேகம். "மீதிப் பாதியைக் கொண்டு வா, அப்புறம் பார்க்கலாம்" என்று இயேசு சொல்லவில்லை. பையன் பிழைத்தான்.

லூக்காவில் ஒரு விதவை. நியாயம் செய்யாத நீதிபதி வீட்டுக்கு நடையாய் நடப்பாள். அந்த அம்மாளை நம்ம ஊர் தாலுகா ஆபீஸ் வாசலில் தினமும் பார்க்கலாம், மஞ்சப்பையில் மனுவோடு. விடாமல் கேட்பதற்கு அவளைத்தான் உதாரணம் காட்டியிருக்கிறார்.

இதெல்லாவற்றுக்கும் மேலே கெத்செமனே தோட்டம். மறுநாள் சாவு என்று தெரிந்த ராத்திரி, இந்தப் பாத்திரம் என்னை விட்டு நீங்கட்டும் என்று இயேசுவே கேட்டார். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. கூட வந்த சீடர்கள் தூங்கிவிட்டார்கள். பாத்திரம் நீங்கவில்லை. துக்கம் விசாரிக்க வந்த அந்த ஆசாமி அன்றைக்குத் தோட்டத்தில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

* * *

வெல்டருக்கு நான் பைபிள் சொல்லப் போகவில்லை. அது அவருக்கே தெரியும். நான் சொன்னது நம்ம ஜில்லாக் கதை.

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம். சின்ன ஊர்தான், ஆனால் கிறிஸ்தவ சரித்திரத்தில் அதற்குப் பழைய ரிகார்டு உண்டு. காவி கட்டிய இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் டி நொபிலி 1623-ல் மதுரையிலிருந்து புறப்பட்டு வந்து, சேந்தமங்கலத்தை ஆண்ட ராமச்சந்திர நாயக்கரைப் பார்த்துவிட்டு சேலத்துக்குப் போனார். அது வேறு கதை. ஆளை விட்டால் நொபிலியிலேயே நாலு வாரம் ஓட்டிவிடுவேன்.

சேந்தமங்கலம் தாண்டி காரவள்ளி. அங்கிருந்து கொல்லிமலை. இப்போது எழுபது கொண்டை ஊசி வளைவு. பஸ்ஸில் போனால் இருபதாவது வளைவு வரை ஜன்னல் சீட்டுக்குச் சண்டை. நாற்பதுக்கு மேல் ஜன்னல் சீட்டுக்காரர் தானாகவே உள்பக்கம் நகருவார். அறுபதில் நாத்திகர்கள் கூட வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆகாய கங்கை, அறப்பளீஸ்வரர், எட்டுக்கை அம்மன், வல்வில் ஓரி என்று ஊருக்குப் பெருமை நிறைய.

நூறு வருஷத்துக்கு முந்தி இந்த ரோடு கிடையாது. நடக்க வேண்டும், இல்லாவிட்டால் டோலி. மேலே போனால் மலேரியா நிச்சயம். சமவெளிக்காரர்கள் ராத்தங்கப் பயப்பட்ட மலை அது. அங்கே போய்க் குடியிருக்கிறேன் என்று கிளம்பினார் ஜெஸ்ஸி பிராண்ட் என்ற ஆங்கிலேய இளைஞர். 1907-ல் இந்தியா வந்தவர், வீடு கட்டும் தொழில் தெரிந்தவர். வைத்தியத்தில் ஒரு வருஷப் படிப்பு மட்டும். அவருக்கு வாய்த்தவர் எவலின் ஹாரிஸ். லண்டனில் செயிண்ட் ஜான்ஸ் வுட் என்கிற பணக்காரப் பேட்டையில் பிறந்த பெண். ஓவியம் படித்தவர், நல்ல உடை உடுத்தவர், அவரை விட ஆறு வயது மூத்தவர். 1913-ல் கல்யாணம். தேனிலவுக்கு எல்லோரும் மலைக்குத்தானே போவார்கள், இவர்களும் போனார்கள். கீழே இறங்கத்தான் இல்லை.

வாழவந்தி என்ற இடத்தில் வீடு. ஜெஸ்ஸி பல் பிடுங்கினார், புண்ணுக்கு மருந்து போட்டார், பள்ளிக்கூடம் வைத்தார், தச்சு சொல்லிக் கொடுத்தார். நரம்புச் சிலந்தி என்று ஒரு வியாதி, இந்தத் தலைமுறைக்குத் தெரியாது. தண்ணீரில் வரும் புழு. உடம்புக்குள் ஒரு கஜ நீளம் வரை வளர்ந்து காலில் துளை போட்டுத் தலை நீட்டும். இழுத்தால் அறுந்து சீழ் வைக்கும். ஜெஸ்ஸி அதைச் சின்னக் குச்சியில் சுற்றி, தினம் கொஞ்சம் கொஞ்சமாக, ரோஜாச் செடிக்குக் கொடி கட்டுகிற பொறுமையோடு வெளியே எடுப்பார்.

இதெல்லாம் சரி, வந்த காரியம்? பல வருஷம் ஒருத்தர் கூட அவர்கள் சாமியைக் கும்பிட வரவில்லை. மருந்து வேண்டும், சாமி வேண்டாம். ஊர்ப் பூசாரி கடும் எதிர்ப்பு. அவர் பிழைப்பு அவருக்கு, நியாயம்தானே? புருஷனும் பெண்டாட்டியும் தினமும் ஜெபம் பண்ணிக்கொண்டுதான் இருந்தார்கள். டீச்சர் நோட்டு மாதிரி, டிக் விழாத வரிகள்.

1918-19-ல் விஷ ஜுரம் உலகத்தையே வாரிக்கொண்டு போனது. கொல்லிமலைக்கும் வந்தது. அந்தப் பூசாரியும் அவர் சம்சாரமும் விழுந்தார்கள். சொந்த ஜனமே கிட்டே போகப் பயந்தது. கஞ்சியோடு உள்ளே போனவர்கள் பிராண்ட் தம்பதி. பூசாரி சாகும் தறுவாயில் தன் குழந்தைகளை அந்த வெள்ளைக்காரர் கையில் ஒப்படைத்தார். கைக்குழந்தைக்கு ரூத் என்று பேர் வைத்து வளர்த்தார்கள். மலையில் அவர்கள் பேச்சுக்கு ஜனங்கள் காது கொடுத்தது அதற்கப்புறம்தான். (மதம் மாற்றியது சரியா தப்பா என்று எனக்குக் கடிதம் போட பேனாவைத் திறக்கிறவர்கள் தயவுசெய்து மூடவும். கஞ்சி கொண்டு போனவர்கள் முதலில் எழுதட்டும்.)

அடுத்தது 1929 ஜூன். ஜெஸ்ஸிக்கு மலேரியா முற்றி, சிறுநீர் கறுத்துப் போகிற காய்ச்சல். வயது நாற்பத்து நாலு. மகன் பாலும் மகள் கோனியும் படிப்புக்காக 1923-லேயே இங்கிலாந்து அனுப்பப்பட்டிருந்தார்கள். பாலுக்கு அப்போது வயசு ஒன்பது. அதற்கப்புறம் அப்பா முகத்தைப் பார்க்கவே இல்லை. தந்தி வந்து சேர்ந்தது. ஆனால் அப்பா எழுதிப் போட்ட கடிதங்கள் கப்பலில் வர வேண்டுமே. அப்பா இறந்த செய்திக்குப் பின்னாலும் அப்பாவின் கடிதங்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. மலையில் பூத்த பூ, நடந்து போன காடு எல்லாம் எழுதியிருந்தது.

இந்த இடத்தில் வெல்டர் என்னை நிறுத்தினார்.

"அந்தம்மா ஜெபம் பண்ணலீங்களா சார், அவரு பொழைக்கோணும்னு?"

"பண்ணாம இருப்பாங்களா?"

"அவங்களுக்கு யாராச்சும் வந்து சொன்னாங்களா, விசுவாசம் பத்தலைன்னு?"

எனக்குப் பதில் வரவில்லை. பட்டறையில் யாரோ தகரம் அடித்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"மேல சொல்லுங்க" என்றார்.

* * *

மேலே இருப்பதுதான் விசேஷம். எவலினுக்கு அப்போது ஐம்பது வயது. மலைக்கே திரும்ப வேண்டும் என்று கேட்டார், கடவுளிடமும் மிஷனிடமும். கடவுள் என்ன சொன்னார் என்று நமக்குத் தெரியாது. மிஷன் "கீழே வேலை செய்யுங்கள்" என்றது. செய்தார். சேந்தமங்கலம் பக்கத்துச் சமவெளியில் நின்று பார்த்தால் கொல்லிமலை நீலமாகத் தெரியும். எதிரிலேயே இருக்கிற மலைக்குப் போக வருஷக் கணக்கில் காத்திருக்கிற கொடுமை இருக்கிறதே!

1947-ல் வயது அறுபத்தெட்டு. "போதும், ரிடையர் ஆகுங்கள்" என்றது மிஷன். இன்னும் ஒரே ஒரு வருஷம் அனுப்புங்கள், அப்புறம் தொந்தரவே செய்ய மாட்டேன் என்று கெஞ்சி வாங்கினார். வருஷம் முடிந்தது. சொன்ன சொல் தவறாமல் ரிடையர் ஆனார். ஆகிவிட்டு, கையில் இருந்த கொஞ்சம் சொந்தப் பணத்தோடு நேரே மலைக்குப் போய்விட்டார்! ரிடையர் ஆனவரை யார் டிரான்ஸ்பர் பண்ண முடியும்? எந்த அரசு ஊழியர் சங்கமும் கண்டுபிடிக்காத யுக்தி.

அடுத்த கால் நூற்றாண்டு மட்டக்குதிரை மேல் கிராமம் கிராமமாகச் சுற்றினார். கொல்லிமலையோடு விடவில்லை, அக்கம்பக்கத்து மலைகளுக்கும் போனார். ஜனங்கள் இறங்கி நிற்கிற தண்ணீரில்தான் நரம்புச் சிலந்தி பரவுகிறது என்று சொல்லிச் சொல்லி, கிணறுகளைச் சுற்றிக் கல் சுவர் எழுப்ப வைத்தார். ஜெஸ்ஸி குச்சியில் சுற்றி எடுத்த வியாதி அந்த மலைகளில் அற்றுப் போனது. இந்தியாவிலேயே அது ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது 2000-ல்.

எழுபத்தைந்து வயதில் ஒருநாள் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ராத்திரி முழுக்கத் தரையில் தனியாகக் கிடந்தார். காலையில் வேலையாள் வந்து பார்த்து, நாலு பேர் கயிற்றுக் கட்டிலில் வைத்துச் சுமந்து இறக்கி, ஜீப்பில் ஏற்றி நூற்றைம்பது மைல் கொண்டு போனார்கள். மகன் பால் பிராண்ட் அதற்குள் பெரிய டாக்டர். 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து, தொழுநோயால் மடங்கிப் போன கைகளை ஆபரேஷன் செய்து நிமிர்த்தி உலகப் பேர் வாங்கியவர். தொழுநோயாளிகளுக்கு விரல் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் காயப்பட்டு அழிகிறது என்று காட்டியவர். அவ்வளவு பெரிய டாக்டர் அம்மாவிடம், "இனி மலை வேண்டாம்மா" என்று மன்றாடினார். நான் போய்விட்டால் அந்த ஜனங்களுக்குப் பல்லை யார் பிடுங்குவது, புண்ணை யார் கட்டுவது, உபயோகப்படாமல் இந்த உடம்பைக் காப்பாற்றி வைத்து என்ன செய்வது என்று திருப்பிக் கேட்டார் அம்மா. இரண்டு கையிலும் இரண்டு மூங்கில் கழி. திரும்ப மலை. அதற்கப்புறமும் இருபது வருஷம்.

கடைசி இருபது வருஷம் வீட்டில் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லையாம். முகம் சுருங்கியதைப் பார்க்க ஒரு காலத்து அழகிக்கு இஷ்டமில்லையோ, நேரமில்லையோ.

இவர் கேட்ட ஜெபங்களைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். புருஷன் பிழைக்க வேண்டும்: இல்லை. மலைக்குத் திரும்ப வேண்டும்: கிடைத்தது, பதினெட்டு வருஷம் கழித்து, அதுவும் தானே ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்து. டோனாவூரில் அனாதைக் குழந்தைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் சின்ன வயசில் நீலக் கண் வேண்டும் என்று ராத்திரி ஜெபம் பண்ணிவிட்டுத் தூங்கி, காலையில் கண்ணாடிக்கு ஓடிப் பார்த்தாராம். அதே பழுப்புக் கண். பின்னாளில் புடவை கட்டிக்கொண்டு நம்ம ஊர் ஜனங்களோடு ஜனமாக நடக்க அந்தப் பழுப்புக் கண்தான் உதவியது என்பார்கள். இது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எல்லா 'இல்லை'க்கும் இப்படி அழகான காரணம் பின்னால் வந்து சேரும் என்று வெல்டரிடம் நான் சொல்லவில்லை. இரண்டு குழந்தைகளுக்குத் தலை பின்னிவிட்டு வேலைக்கு வருகிற ஒருத்தரிடம் அப்படிச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அவரும் கேட்கவில்லை.

அவர் கேட்டது வேறு.

"அந்தம்மா எங்கீங்க அடக்கம்?"

மலையிலேதான். 1974 டிசம்பர் 18. வயது தொண்ணூற்றைந்து. சவப்பெட்டி இல்லை. உடம்பு சீக்கிரம் மண்ணோடு சேரட்டும் என்று ஒரு சாதாரணப் பருத்தித் துணியில் சுற்றி, மலை ஜனங்கள் சூழ நிற்க இறக்கினார்கள். நாற்பத்தைந்து வருஷமாக அங்கே இருந்த ஜெஸ்ஸிக்குப் பக்கத்தில். வாழவந்தியில்.

"பேரே நல்லாருக்குங்களே" என்றார். பசங்களுக்கு லீவு விட்டதும் ஒரு நாள் கூட்டிக்கொண்டு போக வேண்டும், ராசிபுரத்திலிருந்து பஸ் இருக்கிறதா, காரவள்ளி வழியாகத்தான் போக வேண்டுமா என்று விசாரித்தார். சின்னவளுக்கு வளைவு ஏறினால் வாந்தி வருமாம். எலுமிச்சம்பழம் கையில் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.